சிறைப் பணியாளருக்கு அங்கீகாரம்: சீர்திருத்தத்தில் அதற்கு என்ன இடம்?

ஒரு மத்திய சிறையில் நேற்றிரவு எதுவுமே நடக்கவில்லை என்றால், சிலர் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். லாக்-அப் எண்ணிக்கை, அதாவது அறைகளைப் பூட்டும்போது எடுக்கும் தலைக்கணக்கு, ஒத்துப்போயிருக்கிறது. இரவுச் சுற்றில் ஒவ்வொரு அறைக்கு முன்பும் நின்று, படுத்திருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்திருக்கிறார்கள். அன்று மாலைதான் ரிமாண்டில் வந்த பையன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததைக் கவனித்து இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார்கள். காலையில் பதிவேட்டில் இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு வரிதான் வரும். ஆனால் ஒருவர் தப்பிவிட்டாலோ இறந்துவிட்டாலோ அங்கே பணியில் இருந்த வார்டரின் (சிறைக்காவலரின்) பெயர் பணியிடை நீக்கச் செய்தியில் வந்துவிடும்.

வெளியே தெரியாத இந்த வேலையை நிர்வாகம் எப்படிக் கண்டறிவது, எப்படிப் பதிவு செய்வது, எப்படி மதிப்பது? இதைத்தான் பணியாளர் அங்கீகாரம் என்கிறோம். சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சிறைவாசிகளின் உரிமை, இட நெருக்கடி, ஜாமீன் தாமதம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். அவை பேசப்பட வேண்டியவைதான். ஆனால் எந்தச் சீர்திருத்த ஆணையும் கடைசியில் ஒரு இரண்டாம் நிலைக் காவலர் மூலமாகத்தான் சிறைவாசியைச் சென்றடைகிறது. அவர் அதை நம்பவில்லை என்றால் ஆணை காகிதத்தோடு நின்றுவிடும்.

மூன்று அடுக்குகள்

அங்கீகாரம் என்றதும் பதக்கமும் பொன்னாடையும்தான் நினைவுக்கு வரும். அவை மூன்றாவது அடுக்கு. முதல் அடுக்கு, தொழிலுக்கான மதிப்பு. சிறைக்காவல் என்பது பயிற்சியும் திறமையும் தேவைப்படும் தனித் தொழில் என்று அரசும் சமூகமும் ஏற்பது. இரண்டாவது அடுக்கு பணிநிலை: எட்டு மணி நேர வேலை, வார விடுப்பு, குடியிருப்பு, உரிய காலத்தில் பதவி உயர்வு, தாக்கப்பட்டால் சிகிச்சை. மூன்றாவதாகத்தான் ஒரு குறிப்பிட்ட நபரின் குறிப்பிட்ட செயலுக்கான பாராட்டு வருகிறது.

முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவதை மட்டும் கொடுத்தால் அது எரிச்சலையே வளர்க்கும். மூன்று மாதமாக வார விடுப்பு கிடைக்காத ஒருவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கினால், அவர் அதை எந்த மனநிலையில் வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வரிசைக்குச் சர்வதேச அடிப்படை இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பர் 17 அன்று ஏற்ற, சிறைவாசிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச நெறிகளான நெல்சன் மண்டேலா விதிகளில் 74 முதல் 82 வரை உள்ளவை பணியாளர்களைப் பற்றியவை. சிறைப் பணி மிக முக்கியமான சமூக சேவை என்ற உணர்வைப் பணியாளர் மனத்திலும் பொதுமக்கள் மனத்திலும் நிர்வாகம் தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்கிறது 74ஆம் விதி. அதே விதி அடுத்ததாக முழுநேர நியமனம், பணிப் பாதுகாப்பு, போதுமான ஊதியம், கடினமான வேலைக்கேற்ற சலுகைகள் ஆகியவற்றைக் கேட்கிறது. 75ஆம் விதி பணிக்கு முன் பயிற்சியையும் பணிக்காலம் முழுவதும் தொடர் பயிற்சியையும் வலியுறுத்துகிறது. அந்த விதிகளை ஏற்ற தீர்மானமே, ஆண்டுதோறும் ஜூலை 18இல் வரும் மண்டேலா நாளைச் சிறைப் பணியாளரின் உழைப்பை மதிக்கும் நாளாகவும் விரிவாக்கியது. கைதிகளின் கண்ணியத்தையும் காவலரின் மதிப்பையும் ஒரே தீர்மானம் சேர்த்துப் பேசியது. அது சரியான பார்வை என்பதே நம் கருத்து.

சீர்திருத்தம் காவலர் காதில் எப்படி விழுகிறது

இந்தியச் சிறைகள் நூறாண்டுக்கும் மேலாக 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் கீழ் நடந்தன. அந்தச் சட்டத்தின் கண்ணில் நல்ல வார்டர் யார்? எண்ணிக்கையைச் சரியாக வைப்பவர், பூட்டைச் சரியாகப் பூட்டுபவர், தப்ப விடாதவர். நீதிபதி ஏ.என். முல்லா தலைமையிலான குழு 1980 முதல் 1983 வரை ஆராய்ந்து, சிறையைச் சீர்திருத்த இடமாகப் பார்க்கச் சொன்னது. அதன் பின்னர் 2003லும் 2016லும் மாதிரிச் சிறைக் கையேடுகள் வந்தன. 2023இல் மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்தை மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சாதி அடிப்படையில் சிறைக்குள் வேலை பிரிக்கும் விதிகள் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது.

ஒவ்வொரு மாற்றமும் நியாயமானது, அவசியமானது. ஆனால் ஒவ்வொன்றும் பிளாக்கில் (சிறைவாசிகளின் அறைகள் உள்ள தொகுதியில்) நிற்கும் காவலரை இரண்டு செய்திகளாகச் சென்றடைகிறது. ‘இன்றுமுதல் உனக்கு இன்னொரு வேலை கூடியது’ என்பது ஒன்று. ‘நீ இதுவரை செய்துவந்தது தவறு’ என்பது மற்றொன்று. இருபது ஆண்டு சர்வீஸ் உள்ளவர் இதைக் கேட்டுவிட்டு ‘இதெல்லாம் வேலைக்காகாது’ என்று சொன்னால் அதைச் சோம்பலாகவோ கொடுமையாகவோ மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரது அனுபவத்தில் எது இன்றும் விலைமதிப்புள்ளது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவரிடம் என்ன இருக்கிறது? மதியச் சாப்பாட்டு வரிசையில் வழக்கமான சத்தம் குறைந்தால் பிளாக்கில் ஏதோ புகைகிறது என்று அவருக்குத் தெரியும். மனு பார்த்துவிட்டு, அதாவது பார்க்க வந்த உறவினரைச் சந்தித்துவிட்டு, வந்தவர் தலைகுனிந்து நடந்தால் வீட்டில் கெட்ட செய்தி என்று தெரியும். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எந்த இருவரை ஒரே அறையில் போடக்கூடாது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. சுவர், பூட்டு, கேமரா தரும் பாதுகாப்போடு, பழக்கத்தாலும் பேச்சாலும் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பும் சேர்ந்தால்தான் சிறை அமைதியாக இருக்கும். சிறை நிர்வாகத் துறையில் இதை டைனமிக் செக்யூரிட்டி என்கிறார்கள். நார்வேயில் இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பிறகே சிறை அலுவலர் பணியமர்த்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். சீர்திருத்தம் கேட்பது, பழைய காவலரிடம் ஏற்கெனவே உள்ள இந்தக் கவனத்தைத்தான். அதைப் பயமுறுத்தப் பயன்படுத்தாமல் காப்பாற்றப் பயன்படுத்தச் சொல்கிறது. எந்தக் கவனத்தை மதிக்கிறோம் என்று காட்டும் கருவிதான் அங்கீகாரம்.

முதலில் பணிப்பட்டியலைப் பாருங்கள்

பதக்கம் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தத் திட்டத்தைத் தொடங்கினாலும் அது சறுக்கும்.

ஒரு காவல் முனை, உதாரணமாக ஒரு பிளாக் கேட், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டிய இடம். அதற்கு ஆண்டுக்கு 8,760 மணி நேரம் தேவை. ஒரு காவலர் ஆண்டில் எத்தனை நாள் வேலைக்குக் கிடைப்பார்? 365இல் வார விடுப்பு 52ஐக் கழித்தால் 313. தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 போனால் 271. பண்டிகை ஈடு விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கு 21 நாள் வைத்தால் 250. நாளுக்கு 8 மணி என்றால் ஆண்டுக்கு 2,000 மணி நேரம். ஆக, ஒரு முனைக்குத் தேவைப்படும் ஆட்கள் 4.38. மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. மூன்றே பேர் என்றால் யாருக்கும் வார விடுப்பு கிடையாது.

இப்போது 20 முனைகள் உள்ள ஒரு சிறையை எடுத்துக்கொள்வோம். 88 பேர் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி, நாடு முழுவதும் அனுமதிக்கப்பட்ட சிறைப் பணியிடங்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு காலி. அதே அளவு காலியிடம் இங்கும் இருந்தால் கையில் இருப்பவர்கள் 62 பேர். மொத்த வேலை 1,75,200 மணி நேரம். அவர்கள் நாளுக்கு எட்டு மணி நேரம் மட்டும் வேலை செய்ய வேண்டுமென்றால் ஆளுக்கு 353 நாள் வர வேண்டும். விடுப்புகளை எல்லாம் கொடுத்தால் நாளுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். இல்லையென்றால் சில முனைகளில் ஆளே இருக்க மாட்டார்கள். மூன்றில் எது நடந்தாலும் அதன் விலையைக் காவலரும் சிறைவாசியும் சேர்ந்தே கொடுக்கிறார்கள்.

மாதிரிச் சிறைக் கையேடு ஆறு சிறைவாசிகளுக்கு ஒரு காவலர் என்கிறது. கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த ஒருவர் மூன்று ஷிஃப்டுக்கும் விடுப்புகளுக்கும் சேர்த்துக் கணக்கிடப்பட்டவர். மேலே போட்ட 4.38ஆல் பெருக்கினால், எந்த ஒரு நேரத்திலும் 26 பேருக்கு ஒருவர்தான் நிற்பார். காலியிடத்தையும் சேர்த்தால் 37 பேருக்கு மேல் ஆகிவிடும். 2022 இறுதியில் நாட்டின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் அங்கீகாரத் திட்டத்தின் முதல் ஆவணம் விருதுப் பட்டியலாக இருக்கக் கூடாது. கடந்த மூன்று மாதப் பணிப்பட்டியலும் விடுப்புப் பதிவேடும்தான் முதலில் மேசைக்கு வர வேண்டும். யாருக்கு எத்தனை வார விடுப்பு மறுக்கப்பட்டது, யார் தொடர்ந்து இரவுப் பணியில் இருக்கிறார், யாருடைய விடுப்பு மனு பதிலே இல்லாமல் கிடக்கிறது என்பவற்றைக் கண்காணிப்பாளர் முதலில் பார்க்க வேண்டும். விடுப்பு மனுவுக்கு 48 மணி நேரத்தில் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் சொல்வதே பலருக்கு முதல் மரியாதை. இதற்குச் செலவே இல்லை.

இப்போது என்னென்ன இருக்கின்றன

தமிழ்நாட்டில் பொங்கலையொட்டி முதலமைச்சரின் பதக்கங்கள் அறிவிக்கப்படுகின்றன. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் முதல் நிலை, இரண்டாம் நிலை வார்டர்கள் 60 பேருக்குச் சிறப்புப் பணிப் பதக்கம் இடம்பெற்றது. பதக்கம் பெறுபவருக்கு மாதம் ரூ.400 பதக்கப்படி உண்டு. உயர் அதிகாரிகளுக்குப் போகாமல் கீழ்நிலைப் பணியாளருக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பது இதன் சிறப்பு. மத்திய அளவில் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் விருதுகள் அறிவிக்கப்படுகின்றன. காவல், தீயணைப்பு, சிறை என்று பிரிந்து கிடந்த 16 வகைப் பதக்கங்கள் 2024 குடியரசு நாளிலிருந்து நான்காகச் சுருக்கப்பட்டன. இரண்டு வீரத்துக்கு, இரண்டு சேவைக்கு.

பயிற்சியும் ஓர் அங்கீகாரம்தான். தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்காக 1979இல் தொடங்கப்பட்ட சிறை நிர்வாக மற்றும் சீர்திருத்தப் பயிற்சிக் கழகம் வேலூரில் இருக்கிறது. ஒருவரைப் பணியிலிருந்து விடுவித்துப் பயிற்சிக்கு அனுப்புவது, ‘உன் தொழில் கற்கத் தகுந்தது’ என்று சொல்வதற்குச் சமம். ஆள் பற்றாக்குறையில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

பிரிட்டனில் வேறொரு மாதிரி உண்டு. முன்னாள் உள்துறை அமைச்சர் ராப் பட்லரின் பெயரில் 1985இல் தொடங்கிய பட்லர் அறக்கட்டளை, அரசுக்கு வெளியே நின்று சிறை மற்றும் நன்னடத்தைப் பணியாளர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து விருது வழங்குகிறது. இளவரசி ஆன் அதன் புரவலர். மேலதிகாரியின் தயவில் கிடைத்தது என்ற சந்தேகம் வெளியார் தரும் விருதில் குறைவாக இருக்கும். அமெரிக்காவில் 1984 முதல் மே மாதத்தில் சிறை அலுவலர்களுக்கென ஒரு வாரம் ஒதுக்கப்பட்டுள்ளது. வாரம் நல்லதுதான், மீதி 51 வாரங்களில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம்.

எதைப் பாராட்டுவது

இந்த இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் தடம் மாறுகின்றன. எண்ணுவதற்கு எளிதானதைப் பாராட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பறிமுதல் செய்த செல்போன்களின் எண்ணிக்கைக்கு வெகுமதி என்று வைத்தால் என்ன ஆகும்? போன் உள்ளே வராமல் தடுத்தவரைவிட, வந்த பிறகு பிடித்தவருக்கே பெயர் கிடைக்கும். சில இடங்களில் எண்ணிக்கைக்காகவே சோதனைகள் நடக்கும், சிறைவாசிகளின் துணிமணியும் குடும்பப் படமும் தரையில் சிதறும். பொய்யாக வைத்து எடுக்கும் ஆபத்தும் உண்டு.

‘ஆண்டு முழுவதும் அசம்பாவிதம் இல்லை’ என்பதற்கு விருது கொடுப்பது இதைவிட ஆபத்தானது. அசம்பாவிதத்தைத் தடுப்பதைவிட அதை எழுதாமல் விடுவது எளிது. அடிதடி ‘வழுக்கி விழுந்தார்’ ஆகிவிடும், தற்கொலை முயற்சி ‘வயிற்று வலி’ ஆகிவிடும். 2022இல் மட்டும் இந்தியச் சிறைகளில் 119 தற்கொலைகள் பதிவாகியுள்ளன. காவல் மரணம் எதுவானாலும் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993லேயே அறிவுறுத்தியது. மறைப்பதற்கு ஊக்கம் தரும் எந்த விருதும் இந்த அறிவுறுத்தலின் அடித்தளத்தையே அரிக்கும். ஆகவே உண்மையாக, விரைவாக, முழுமையாக எழுதிய அறிக்கைக்குத்தான் மதிப்பு வைக்க வேண்டும், அதில் இருப்பது கெட்ட செய்தியானாலும்.

பாராட்டத் தகுந்த செயல்கள் எப்படி இருக்கும் என்பதற்குச் சில உதாரணங்கள். ரிமாண்டுக்கு அழைத்து வரப்பட்டவரின் உடலில் உள்ள காயங்களைக் கேட்டிலேயே பார்த்து, அழைத்து வந்த போலீஸ்காரர் முகம் சுளித்தாலும் அனுமதிப் பதிவேட்டில் ஒன்றுவிடாமல் எழுதுவது. அந்த ஒரு பதிவு பின்னாளில் ஓர் உயிருக்கான சாட்சியமாகலாம். கைகலப்பு மூளும் நேரத்தில் லத்தியை எடுக்காமல் பேசிப் பிரித்து வைப்பது. ஜாமீன் கிடைத்தும் பிணைதாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவரின் பெயரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மனு பார்க்க வந்த வயதான தாயிடம் நேரம் முடிந்ததைக் கடுஞ்சொல் இல்லாமல் சொல்வது. சக காவலர் கைநீட்டியபோது தடுத்து நிறுத்துவது, அதைத் தெரிவிப்பது. கடைசியாகச் சொன்னது மிகக் கடினமானது. சீருடைக்குள் அதைச் செய்தவருக்கு ஒதுக்கிவைப்பும் இடமாறுதலும் பரிசாக வரக்கூடும். அவருக்கு மேடையில் மாலை போடுவதைவிட, அவர் கேட்கும் ஷிஃப்டைக் கொடுத்துப் பாதுகாப்பதே உண்மையான அங்கீகாரம்.

பரிந்துரையை எழுதும் விதம்

நல்ல திட்டத்துக்கும் வெற்றுத் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பரிந்துரைப் படிவத்திலேயே தெரிந்துவிடும். வழக்கமான வாசகம் இப்படி இருக்கும்: ‘மேற்படி காவலர் மிகுந்த கடமையுணர்வுடனும் அர்ப்பணிப்புடனும் பணியாற்றி வருகிறார்.’ இதை யாருக்கும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

மாறாக, ஒரு மாதிரிக்கு: ‘புதிதாக வந்த விசாரணைச் சிறைவாசி தொடர்ந்து இரண்டு வேளை சாப்பாட்டைத் திருப்பி அனுப்பியதைக் கவனித்தார். இரவு 2 மணிச் சுற்றில் அவர் தூங்காமல் இருந்ததைக் கண்டு பத்து நிமிடம் பேசினார். சுற்றுக் குறிப்பில் எழுதினார். காலைப் பணிக்கு வந்தவரிடம் நேரிலும் சொன்னார். மறுநாள் மனநல ஆலோசகர் பார்த்தார். சிறைவாசி தனி அறையிலிருந்து துணையுள்ள அறைக்கு மாற்றப்பட்டார்.’ இதில் நேரம், செயல், விளைவு, சரிபார்க்க வழி எல்லாம் இருக்கின்றன. இதைப் படிக்கும் இன்னொரு காவலர் நாளைக்குத் தானும் இதைச் செய்யலாம். பாராட்டு ஒருவருக்குப் போனாலும் பாடம் எல்லோருக்கும் கிடைக்கிறது.

படிவம் அரைப்பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான்கு கேள்விகள் போதும்: என்ன நடந்தது, எப்போது, அவர் அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும், இதை யார் பார்த்தார் அல்லது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம்: சக காவலர், செவிலியர், ஆசிரியர், சமையற்கூடப் பொறுப்பாளர், சட்டத் தன்னார்வலர். சிறைவாசிகளின் குரலும் வர வேண்டும், ஆனால் நேரடி வாக்கெடுப்பாக வரக்கூடாது. அப்படி வந்தால் பேரம் தொடங்கிவிடும், சலுகை காட்டுபவருக்கே வாக்கு விழும். பூட்டிய பெட்டியில் போடப்படும் சீட்டுகளைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆளோ சிறையைப் பார்வையிட நியமிக்கப்பட்ட குழுவின் உறுப்பினரோ திறந்து படித்து, பெயரை மறைத்துச் சாரத்தை மட்டும் தருவது நல்ல வழி.

தேர்வுக் குழுவில் ஐந்து பேர் இருக்கலாம். கண்காணிப்பாளரோ கூடுதல் கண்காணிப்பாளரோ ஒருவர், நல அலுவலர் அல்லது உளவியலாளர் ஒருவர், வார்டர் நிலையிலிருந்து இருவர், வெளியாள் ஒருவர். வார்டர்கள் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அவர்களைச் சுற்றி ஒரு கோஷ்டி உருவாகிவிடும். குழு ஒவ்வொரு பரிந்துரையையும் பணிப்பட்டியலோடும் சுற்றுக் குறிப்போடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்டவர் மீது சித்திரவதை, லஞ்சம், பாலியல் தொந்தரவு பற்றிய புகார் நிலுவையில் இருந்தால், அது முடியும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். இந்த விதியில் தளர்வே கூடாது. இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரே ஒரு பதக்கம் போனாலும், அதற்கு முன் கொடுத்த நூறு பதக்கங்களின் மதிப்பு போய்விடும்.

காலமும் முக்கியம். நன்றி சொல்வது ஏழு நாளுக்குள் நடக்க வேண்டும், அதுவும் நேரில், செயலைக் குறிப்பிட்டு. மாதம் ஒருமுறை ரோல்-காலில் (பணியாளர் வருகைக் கணக்கெடுப்பில்) இரண்டு மூன்று செயல்களை வாசிக்கலாம். பணிப் பதிவேட்டில் நற்பதிவு ஏறியதா என்பதை எழுத்தர் தேதியோடு காட்ட வேண்டும். மேடையில் அறிவித்துவிட்டுப் பதிவேட்டில் ஏற்றாமல் விடுவதும், ரொக்க வெகுமதி மாதக்கணக்கில் கருவூலத்தில் கிடப்பதும் அடிக்கடி நடப்பவை. பெற்றவருக்கு அது பாராட்டு இல்லாததைவிட மோசமான அனுபவம்.

இன்னொரு நடைமுறை எச்சரிக்கை: விழாவை வார விடுப்பு நாளில் வைத்து ஆளை வரவழைக்காதீர்கள். செய்திக் குறிப்பில் வார்டரின் படத்தோடு சொந்த ஊரையும் குடும்ப விவரத்தையும் போடாதீர்கள். உயர் பாதுகாப்புத் தொகுதியில் வேலை செய்பவருக்கு வெளியிலும் மிரட்டல் வரலாம். படம் வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

முறைவைத்துக் கொடுப்பது முதலாவது. இந்த ஆண்டு உனக்கு, அடுத்த ஆண்டு அவருக்கு என்று சீனியாரிட்டிப்படி சுற்றினால் சண்டை வராது, ஆனால் விருதுக்குப் பொருளும் இருக்காது.

அடுத்தது, அதிகாரிக்கு நெருக்கமானவருக்கே போவது. தமிழ்நாட்டில் ஆர்டர்லி முறை (சீருடைப் பணியாளரை அதிகாரியின் சொந்த ஏவலாளாக வைக்கும் முறை) 1979லேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் சீருடைப் பணியாளர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு அனுப்பும் வழக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அண்மை ஆண்டுகளிலும் கண்டிக்க வேண்டியிருந்தது. வீட்டில் காய்கறி வாங்கிக் கொடுப்பவருக்கு நற்சான்றும், பிளாக்கில் பதினொரு மணி நேரம் நிற்பவருக்கு மெமோவும் என்றால் அந்தத் துறையில் எந்தச் சீர்திருத்தச் சொல்லும் எடுபடாது. வீட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டவர்களைத் திரும்பப் பிளாக்குக்குக் கொண்டுவருவது, மற்ற எல்லோருக்கும் தரக்கூடிய மிகப்பெரிய அங்கீகாரம். அதனால் ஷிஃப்டுக்கு ஆளும் கூடுகிறது.

பகல் ஷிஃப்டும் முன்வாசலும் மட்டும் கண்ணில் படுவது மூன்றாவது. கண்காணிப்பாளர் பகலில் இருப்பார், பகல் ஆட்களைத்தான் பார்ப்பார். இரவுப் பணி, மருத்துவமனைக் காவல், நீதிமன்ற வழிக்காவல், கிளைச் சிறைகள் பட்டியலிலேயே வராமல் போகும். பெண்கள் சிறையில் குழந்தையோடு இருக்கும் சிறைவாசிகளைக் கவனிக்கும் பெண் காவலரின் வேலை பலமுறை ‘பெண்களுக்கு இயல்பானது’ என்று தள்ளிவிடப்படுகிறது. அது இயல்பு என்று சொல்லிக் கடந்துபோகக் கூடிய வேலை இல்லை, திறமை வேண்டிய வேலை. சீருடை இல்லாத ஆசிரியர், மருந்தாளுநர், தொழிற்கூடப் பயிற்றுநர் ஆகியோரும் இப்படி விடுபடுவார்கள்.

சிங்கப்பூர் செய்தது

1990களின் இறுதியில் சிங்கப்பூர்ச் சிறைத்துறையில் நெரிசல், ஆள் பற்றாக்குறை, மனச்சோர்வு மூன்றும் சேர்ந்து நின்றன. சிறை வேலைக்கு வர இளைஞர்கள் தயங்கினார்கள். 1998இல் இயக்குநரான சுவா சின் கியாட், தொலைநோக்கை மேலிருந்து அறிவிக்காமல் பணியாளர்களையே உட்கார வைத்துப் பேசவிட்டார். அதில் பிறந்ததுதான் ‘வாழ்க்கைகளின் மாலுமித் தலைவர்கள்’ என்ற அர்த்தம் தரும் கேப்டன்ஸ் ஆஃப் லைவ்ஸ் என்ற அடையாளம். காவலில் ஒப்படைக்கப்பட்டவரின் வாழ்வைப் பொறுப்பான திசைக்குத் திருப்ப உதவுபவர் என்பதே அதன் உள்ளடக்கம். ஆள்சேர்ப்பு விளம்பரமும் அதே பெயரில் வந்தது.

பெயரோடு வேலையும் மாறியது என்பதுதான் இதில் கற்க வேண்டியது. ஒவ்வொரு அலுவலருக்கும் குறிப்பிட்ட சிறைவாசிகள் பொறுப்பாக ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களோடு பேசுவதும் முன்னேற்றத்தைப் பதிவு செய்வதும் அலுவலரின் கடமையானது. 2004இல் அதிபர் எஸ்.ஆர். நாதன் மஞ்சள் ரிப்பன் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, வெளியே வருபவருக்கு இரண்டாம் வாய்ப்பு தருமாறு சமூகத்திடம் கேட்கப்பட்டது. அந்தப் பேச்சில் சிறை அலுவலரின் வேலையும் முதன்முறையாகப் பலர் கண்ணுக்குத் தெரிந்தது. 1998இல் விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டாண்டுக்குள் மீண்டும் சிறைக்கு வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது 20 முதல் 25 விழுக்காட்டுக்குள் இருக்கிறது. இந்த இறக்கம் முழுவதையும் பணியாளர் அங்கீகாரத்தின் கணக்கில் எழுத முடியாது. வேலைவாய்ப்பு, விடுதிகள், போதை மறுவாழ்வு என்று பல கைகள் சேர்ந்தன. சிங்கப்பூரில் மரண தண்டனையும் பிரம்படியும் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன, அவற்றை நிறைவேற்றுவதும் இதே துறைதான் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் அலுவலருக்குப் புதிய பெயரும் அதற்கேற்ற புதிய வேலையும் ஒன்றாகக் கொடுத்த விதத்தை எந்தத் துறையும் கற்றுக்கொள்ளலாம்.

திட்டம் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்

ஆண்டு முடிவில் எத்தனை விருது கொடுத்தோம் என்று எண்ணுவதால் பயனில்லை. அங்கீகாரம் பெற்றவர்களைப் பதவி நிலை, ஆண் பெண், ஷிஃப்ட், பிளாக் என்று பிரித்து ஓர் அட்டவணை போடுங்கள். இரவுப் பணியில் பாதிப்பேர் இருந்தும் விருதில் பத்தில் ஒருவர்தான் இரவுப் பணியாளர் என்றால், குழு பார்க்கும் இடம் தவறு. மறுக்கப்பட்ட வார விடுப்புகளின் எண்ணிக்கை, பணிவிலகல், இடமாறுதல் கோரிக்கை, மருத்துவ விடுப்பு ஆகியவற்றை முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். சிறைவாசிகளின் புகார்ப் பெட்டியையும் சேர்த்தே பாருங்கள். அங்கீகாரம் கூடக்கூட அடி, வசவு பற்றிய புகார்கள் குறையவில்லை என்றால், தவறான நடத்தைக்கு மாலை விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆனால் முதல் ஆறு மாதத்தில் புகார்களும் சம்பவ அறிக்கைகளும் கூடினால் பதற வேண்டாம். இதுவரை எழுதப்படாதவை எழுதப்படத் தொடங்கியிருக்கலாம். தலைமையகம் இந்த நேரத்தில் ‘உங்கள் சிறையில் மட்டும் ஏன் இத்தனை சம்பவம்’ என்று கண்காணிப்பாளருக்கு மெமோ அனுப்பினால், அடுத்த மாதமே எண்ணிக்கை இறங்கிவிடும், உண்மையும் அதோடு போய்விடும். அதனால் திட்டத்தைத் தொடங்கும் நாளிலேயே டி.ஐ.ஜி. நிலையில் எழுத்துப்பூர்வமாக ஒன்றை வாங்கி வைக்க வேண்டும்: முதல் ஓராண்டுக்குச் சம்பவ அறிக்கைகளின் எண்ணிக்கையை வைத்து எந்தச் சிறையும் தரவரிசைப்படுத்தப்படாது. அந்தக் கடிதத்தின் நகல் பணியாளர் அறிவிப்புப் பலகையில், பணிப்பட்டியலுக்குப் பக்கத்தில், எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும்.